செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் காரில் கருகல் வாடை: அறிகுறியை வைத்து மூலத்தைப் பிடிக்கும் முறை

பெங்களூரில் ஏழெட்டு வருடம் ஓடிய போர்ஷே பாக்ஸ்டரோ, ஆடி டிடியோ, பிஎம்டபிள்யூ இஸட்4-ஓ, போலோ ஜிடிஐ-யோ வாங்கியவர்கள் சீக்கிரமே சொல்லும் புகார் ஒன்று உண்டு: "சிக்னல்ல நிக்கும்போது ஏதோ கருகுற வாடை வருது." மெக்கானிக்கிடம் இதை மட்டும் சொன்னால் அநேகமாகக் கிளட்ச்சின் மேல்தான் முதல் சந்தேகம் விழும். கிளட்ச்சைப் பார்க்கக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அத்தனை கூலியும் கொடுத்த பிறகு, வால்வ் கவர் கேஸ்கெட்டில் (இன்ஜினின் மேல் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் சீல்) கசிந்த ஆயில்தான் காரணம் என்று தெரிந்தால் கொடுத்த பணம் திரும்பாது.

கருகல் வாடை எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்பதுதான் அதிகம் சொல்லும். ஒரே வாடை ஒருவருக்கு ரப்பராகவும் இன்னொருவருக்குக் காகிதமாகவும் படும். ஆனால் "ஹம்ப் ஏறி இறங்கியதும் வந்தது", "ஹைவேயில் வரவில்லை, டோலில் நின்றதும் வந்தது" என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை. அதனால் இங்கே அறிகுறிகளை நேரத்தையும் சூழ்நிலையையும் வைத்தே பிரித்திருக்கிறோம்.

உடனே நிறுத்த வேண்டிய மூன்று

வயர் அல்லது பிளாஸ்டிக் கருகும் நெடி, பெட்ரோல் வாடை, கண்ணுக்குத் தெரியும் புகை. இந்த மூன்றில் எது வந்தாலும் வீடு வரை ஓட்டிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஓரம் கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கி வண்டியை விட்டுத் தள்ளிப் போங்கள். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் மாதிரி ஓரம் குறுகலான இடத்தில் தடுப்புச் சுவரை ஒட்டியே நடந்து விலகுங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்க வேண்டாம்.

பானெட் இடுக்கில் புகை வந்தால் உள்ளே இருக்கும் லீவரை மட்டும் இழுத்து முதல் பூட்டை விடுவியுங்கள். பானெட்டை முழுதாகத் தூக்கினால் காற்று கிடைத்துத் தீ எழும்பிவிடும். அந்த இடுக்கு வழியாகவே தீயணைப்பானை அடிக்க வேண்டும். பாக்ஸ்டர், கேமன் போன்ற வண்டிகளில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருப்பதால் முன் பானெட்டைத் திறந்து பயனில்லை. அதில் பின்பக்கம் புகை வந்தால் வண்டியைக் காப்பாற்ற முயலாமல் விலகி நின்று 112-ஐ அழையுங்கள். 1 கிலோ ஏபிசி பவுடர் அணைப்பான் ஒன்று ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில், உருளாதபடி பிராக்கெட்டில் மாட்டப்பட்டிருப்பது நல்லது. டிக்கிக்குள் பைகளுக்கு அடியில் கிடக்கும் அணைப்பான் அவசரத்துக்கு உதவாது.

ஸ்பேனரை எடுக்கும் முன்

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். வாடை வரும்போது ஏசியின் உள்சுழற்சி பட்டனை அழுத்துங்கள். ஒரு நிமிடத்தில் வாடை குறைந்தால் அது வெளியிலிருந்து வருகிறது: உங்கள் இன்ஜின் அறையாக இருக்கலாம், முன்னால் போகும் லாரியின் பிரேக்காக இருக்கலாம், சாலையோரம் எரியும் குப்பையாகவும் இருக்கலாம். உள்சுழற்சியில் வாடை கூடினால் மூலம் கேபினுக்குள்தான்: புளோவர் மோட்டார், அதன் ரெசிஸ்டர், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வயரிங், சீட்டுக்கு அடியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

அடுத்து, வாடை வந்த உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நான்கு சக்கரத்தின் அருகிலும், முன் கிரில்லிலும், இரண்டு பக்க வீல் ஆர்ச்சிலும், சைலன்சர் பக்கத்திலும் தனித்தனியாக முகர்ந்து பாருங்கள். எங்கே அதிகம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இதைச் செய்தால் வாடை எல்லா இடத்திலும் பரவியிருக்கும், பயன் இருக்காது.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: நல்ல டார்ச், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், மல்டிமீட்டர், ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி), ஒரு பெரிய அட்டை. எல்லாம் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். அட்டையை இரவு முழுக்க வண்டிக்கு அடியில் விரித்து வைத்தால் காலையில் எந்தத் திரவம் எந்த இடத்தில் சொட்டியது என்று தெரியும். கரும்பழுப்பு என்றால் இன்ஜின் ஆயில். இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்றால் கூலன்ட். நிறமில்லாமல், வழுவழுப்பும் இல்லாமல் இருந்தால் ஏசி தண்ணீர், கவலை இல்லை. சக்கரத்துக்கு அருகே வெளிர் மஞ்சளாக வழுவழுப்பாக இருந்தால் பிரேக் ஃபுளூயிட். அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

ஸ்போர்ட்ஸ் கார்கள் தாழ்வானவை. ஜாக்கை எங்கு வைப்பது என்பது மேனுவலில் படம் போட்டுக் காட்டப்பட்டிருக்கும், அந்த இடத்தில் மட்டுமே வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் தரை சரிவாக இருந்தால் அங்கே தூக்குவதை விட்டுவிட்டு லிஃப்ட் உள்ள வொர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

அறிகுறி: ஓடும்போது வாடை இல்லை, நின்றதும் வருகிறது

ஹெப்பாள் மேம்பாலத்தில் வேகமாக வரும்போது ஒன்றுமில்லை. இறங்கி நெரிசலில் நின்ற அரை நிமிடத்தில் ஏசி வழியாகக் கமறல். சில சமயம் பானெட் ஓரத்தில் மெல்லிய நீலப்புகை. இது ஆயில் கசிவுக்கான நேரடி அடையாளம். ஓடும்போது காற்று வாடையை அடித்துக்கொண்டு போய்விடும். நின்றதும் சூடான மேனிஃபோல்டின் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) மேல் விழும் ஆயிலின் புகை மேலே எழுந்து, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத் துவாரம் வழியாகக் கேபினுக்குள் வரும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். கேஸ்கெட்டும் ஆயில் சீலும் ரப்பர். கிலோமீட்டரைவிட வருடமும் சூடும்தான் அவற்றைக் கெடுக்கும். 25,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது என்று விற்கிறவர் பெருமையாகச் சொன்ன வண்டியிலும் பத்து வருட ரப்பர் இறுகிப்போய்த்தான் இருக்கும்.

எங்கே பார்ப்பது என்பது இன்ஜினைப் பொறுத்தது. இஸட்4 35ஐ-யில் இருக்கும் என்54 இன்ஜினில் முதல் சந்தேகம் வால்வ் கவர் கேஸ்கெட்டின் பின்மூலை. அங்கே கசிந்தால் ஆயில் எக்ஸாஸ்ட் பக்கம் வழியும். அந்த கவரே பிளாஸ்டிக் என்பதால் சூட்டில் வளைந்தோ விரிசல் விட்டோ இருக்கலாம். அப்படியானால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் கசிவு நிற்காது, கவரோடு சேர்த்து மாற்ற வேண்டும். இதே இன்ஜினில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட்டும் கசியும். அந்த ஆயில் பெல்ட்டின் மேல் சொட்டும். ஆயிலில் ஊறிய பெல்ட் புல்லியிலிருந்து நழுவி, கிரேங்க் புல்லிக்குப் பின்னால் மாட்டி, முன் ஆயில் சீலையே கிழித்துக்கொண்டு உள்ளே போன சம்பவங்கள் உண்டு. சிறு கசிவுதானே என்று விட முடியாத இடம் இது.

போர்ஷேயின் பாக்ஸர் இன்ஜினில் சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருப்பதால் மேனிஃபோல்டு கீழே இருக்கும். கேம் கவரோ ஸ்பார்க் பிளக் குழாயின் ஓ-ரிங்கோ கசிந்தால் ஆயில் நேராகச் சூடான குழாய் மேல் விழும். பிளக் காயிலைக் கழற்றும்போது குழிக்குள் ஆயில் நின்றால் ஓ-ரிங் போய்விட்டது என்று அர்த்தம். சரிவில் பக்கவாட்டமாக நிறுத்திய பாக்ஸர் இன்ஜின் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கணம் புகை விடுவது மட்டும் இயல்பு. அதற்காக எதையும் கழற்ற வேண்டாம்.

கசிவைக் கண்டுபிடிக்கும் முறை எல்லா இன்ஜினுக்கும் ஒன்றுதான். இன்ஜின் முழுதாக ஆறட்டும். அடிமறைப்புத் தட்டைக் கழற்றுங்கள். ஸ்குரூக்களை எண்ணி வையுங்கள், பழைய வண்டிகளில் நான்கைந்து ஏற்கனவே காணாமல் போயிருக்கும். ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே ஈரமாக இருப்பவற்றில் மேலேயும் முன்னேயும் உள்ள இடம்தான் மூலத்துக்கு மிக அருகில். கீழே சொட்டும் இடத்தைப் பார்த்து ஆயில் சம்ப்பை (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) குற்றம் சொல்லாதீர்கள், அது பெரும்பாலும் வழிந்து வந்து சேரும் இடம். டிகிரீசர் அடித்துச் சுத்தம் செய்து, முழுதாகக் காயவைத்து, 30, 40 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் பிடிபடவில்லை என்றால் ஆயிலில் யுவி டை (யுவி ஒளியில் ஒளிரும் சாயம்) கலந்து, ஓட்டிவிட்டு, இருட்டில் யுவி டார்ச் அடித்தால் கசியும் கோடு பளிச்சென்று மஞ்சளாகத் தெரியும். டை எவ்வளவு என்பதை அதன் பாட்டில் மேல் இருக்கும் அளவின்படியே ஊற்றுங்கள்.

கேஸ்கெட் மாற்றும் முன் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவதும், மாற்றிய கேஸ்கெட் ஆறு மாதத்தில் மறுபடி கசிவதற்குக் காரணமும் இதுதான்: பிசிவி வால்வு. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இழுத்து வெளியேற்றும் இந்த வால்வு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான உறிஞ்சல் இருக்கலாம். திறக்கவே முடியாத அளவு பலமாக உறிஞ்சினாலோ, விசில் சத்தம் வந்தாலோ, மாறாக வாயு வெளியே ஊதித் தள்ளினாலோ பிசிவியை முதலில் சரிசெய்யுங்கள்.

வால்வ் கவர் போல்ட்டுகள் சிறியவை. பெரும்பாலான வண்டிகளில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான். டார்க் ரென்ச் இல்லாமல் கை பலத்தில் இறுக்கினால் பிளாஸ்டிக் கவர் விரிசல் விடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள்.

டர்போ உள்ள வண்டியில் டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயில் கசிவு என்றால் அதைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்க வேண்டாம். டர்பைன் பக்கம் உலோகம் சிவக்கும் அளவு சூடாகும், அங்கே விழும் ஆயில் பற்றிக்கொள்ளும்.

எல்லாக் கருகலும் கசிவு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயில் சர்வீஸ் முடிந்து வந்த அன்று வாடை வந்தால் ஃபில்டரைக் கழற்றும்போது சிந்திய ஆயில் எரிகிறது. இரண்டு மூன்று நாளில் போய்விடும், போகாவிட்டால் ஃபில்டர் மூடியின் ஓ-ரிங்கைப் பாருங்கள். வாட்டர் வாஷ் கடைகளில் அடிபாகத்தில் டீசலோ பழைய ஆயிலோ ஸ்பிரே செய்யும் பழக்கம் உண்டு. அது சைலன்சர் மேல் பட்டு எரிந்தால் பல நாள் நாறும், புஷ், பூட் போன்ற ரப்பர்களையும் கெடுக்கும். வண்டியை விடும்போதே "அண்ணா, அடியில தண்ணி மட்டும் போதும், டீசல் ஸ்பிரே வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: நெரிசலில் ஊர்ந்த பிறகும் ரேம்ப் ஏறிய பிறகும்

சில்க் போர்டில் அரை மணி நேரம் ஊர்ந்ததும், பேஸ்மெண்ட் ரேம்பில் பின்னோக்கி ஏறியதும் எரிந்த கயிறு போல வாடை வந்தால் கிளட்ச். ஒரே ஒரு முறை, செங்குத்தான ரேம்புக்குப் பிறகு வந்து, வேறு மாற்றமில்லை என்றால் அரை மணி நேரம் ஆறவிட்டு ஓட்டலாம். தினமும் வந்தால் சோதனை செய்யுங்கள்.

ஆளில்லாத சமதளச் சாலையில், நான்காவது கியரில், 2,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்து ஏற வேண்டும். ஆர்பிஎம் மட்டும் தாவி ஏறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மேல் கியரில் கிளட்ச்சை விட்டு இன்ஜின் அணைகிறதா என்று பார்க்கும் முறையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நல்ல கிளட்ச்சையும் அது சுடும், கிளட்ச் பிடிக்கும் கனமான சக்கரமான டூயல் மாஸ் ஃபிளைவீலையும் அடிக்கும்.

மெக்கானிக்கிடம் "கிளட்ச் வாடை" என்று சொல்லாமல் "அண்ணா, நாலாவது கியர்ல முழுசா மிதிச்சா ஆர்பிஎம் ஏறுது, ஸ்பீடு ஏறல" என்று சொல்லுங்கள். "சரி சார், இறக்கிப் பாத்துடலாம்" என்று அவர் சொன்னால் இறக்குவதற்கு முன்பே என்னென்ன மாற்றுவது என்று பேசி முடியுங்கள். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்தே போக வேண்டும். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது கிரேங்கின் பின் ஆயில் சீலையும் பார்த்தே ஆக வேண்டும். அந்த சீல் கசிந்து பிளேட்டில் ஆயில் பட்டிருந்தால் புது பிளேட்டும் அதே கதிக்குத்தான் போகும். பல ஐரோப்பிய வண்டிகளில் ஃபிளைவீல் போல்ட்டுகளை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக்கூடாது, புதிது வாங்குங்கள்.

ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். போலோ ஜிடிஐ-யில் இருக்கும் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்குள் ஆயிலில் நனையாத இரண்டு கிளட்ச் பிளேட்டுகள் உண்டு. பிரேக்கைப் பாதி விட்டு அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் அவை பாதி பிடித்த நிலையிலேயே உராய்ந்து சுடும். முன் வண்டி சில மீட்டர் நகரும் வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். ஆயிலில் ஓடும் 6 ஸ்பீடு டிஎஸ்ஜி என்றால் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை அந்த ஆயிலும் ஃபில்டரும் மாற்றப்பட வேண்டும். முந்தைய சொந்தக்காரர் மாற்றிய பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒரு சக்கரத்திடம் மட்டும்

இறங்கிச் சுற்றும்போது ஒரு சக்கரத்தின் அருகில் மட்டும் நெடி, ரிம்மில் மற்றவற்றைவிட அதிகக் கருந்தூள், வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. தெர்மாமீட்டரால் ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களையும் ஒப்பிடுங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் 40, 50 டிகிரி வித்தியாசம் என்றால் சந்தேகமே வேண்டாம். பளபளப்பான டிஸ்க் பரப்பில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும் என்பதால் டிஸ்கின் நடுவில் துருப்பிடித்த மங்கலான பகுதியில் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

எது பிடிக்கிறது என்று பிரிக்க ஒரு நேர்த்தியான வழி உண்டு. சக்கரத்தைத் தூக்கி, கையால் சுழற்றிப் பாருங்கள். சுழலவில்லை என்றால் காலிப்பரின் (பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்) பிளீடர் ஸ்குரூவை லேசாகத் திறந்து சில சொட்டு விடுங்கள். உடனே சக்கரம் விடுபட்டால் அழுத்தம் லைனில் மாட்டியிருக்கிறது: பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி, ஃபுளூயிட்டைப் போகவிட்டுத் திரும்ப விடாமல் இருக்கலாம், அல்லது மாஸ்டர் சிலிண்டர். திறந்தும் விடவில்லை என்றால் பிரச்சினை காலிப்பரில்: பிஸ்டன் துரு, அல்லது ஸ்லைடு பின் காய்ந்து இறுகியது. ஸ்லைடு பின்னில் காலிப்பருக்கான சிலிக்கான் கிரீஸ் மட்டுமே போட வேண்டும். சாதாரண கிரீஸ் அந்த ரப்பரை வீங்க வைத்து மறுபடி இறுக்கும். பின்சக்கரமாக இருந்து எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டி என்றால் ஸ்கேனரில் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோன பிறகுதான் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பலவந்தமாக அழுத்தினால் மோட்டார் உடையும்.

இரண்டு முன்சக்கரமும் ஒரே அளவு நாறினால், அதுவும் நந்தி மலையிலிருந்து இறங்கியதும் என்றால், ஓட்டும் முறைதான் காரணம். இரண்டாவது, மூன்றாவது கியரில் இன்ஜினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். கீழே வந்ததும் உடனே ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் சற்று தூரம் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். டாட் 4 பிரேக் ஃபுளூயிட்டின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாத வண்டியில், சூடான இறக்கத்தில் பெடல் திடீரென்று தரை வரை போகும் ஆபத்து இருக்கிறது. புது பேடு போட்ட முதல் சில நாள் வரும் வாடை இயல்பு.

அறிகுறி: வயர், பிளாஸ்டிக் நெடி

ஓட்டி ஓட்டி முகர்ந்து பார்க்கக்கூடாத வாடை இது. நிறுத்தி, ஆறவிட்டு, பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிய பிறகே தேடுங்கள்.

கைமாறிய வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கம்பெனி வயரிங்கை அல்ல, பின்னால் யாரோ சேர்த்ததை. டேஷ்கேம், ஆம்ப்ளிஃபயர், ஹார்ன், எல்ஈடி பட்டை. ஆம்ப்ளிஃபயருக்குப் பேட்டரியிலிருந்து போகும் தடித்த வயரில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லை என்றால் அந்த வயரை இன்றே பிரித்துவிடுங்கள். பாடியில் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் அதை நிறுத்த ஒன்றுமே இல்லை. ஹெட்லைட்டில் 60/55 வாட்டுக்குப் பதில் 100/90 வாட் பல்பு, ரிலே வயரிங் இல்லாமல் போட்டிருந்தால் ஹோல்டரும் சுவிட்சும் உருகும். ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள், பழுப்பேறியிருந்தால் அதுதான். ஃபியூஸ் பெட்டியில் ஒவ்வொரு ஃபியூஸின் ஆம்பியரையும் மூடியில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். 10 இருக்க வேண்டிய இடத்தில் 20 இருந்தால், யாரோ அடிக்கடி போன ஃபியூஸுக்குக் காரணம் தேடாமல் பெரியதைச் செருகியிருக்கிறார்கள். இனி ஃபியூஸுக்குப் பதில் வயர்தான் எரியும்.

புளோவரை ஏதோ ஓரிரு வேகத்தில் வைக்கும்போது மட்டும் ஏசி துவாரத்தில் நெடி வந்தால் ரெசிஸ்டர் அல்லது அதன் சாக்கெட். மரத்தடியில் நிற்கும் வண்டிகளில் இலைச் சருகு உள்ளே போய்ப் புளோவர் மோட்டாரை இறுக்கும், அது அதிகக் கரண்ட் இழுத்துச் சுடும். பேஸ்மெண்டில் எலி கடித்த வயரும், இன்ஜின் மேல் எலி சேர்த்து வைத்த துணியும் காகிதமும் கருகுவதும் இங்கே சாதாரணம். வாரக் கடைசியில் மட்டும் எடுக்கும் வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டைத் திறந்து பார்க்கப் பழகுங்கள்.

அழுகிய முட்டை வாடை வந்தால் இரண்டு இடம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்நேட்டர் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. வண்டியை நிறுத்திவிடுங்கள், பேட்டரி அருகே தீப்பொறி வேண்டாம். இஸட்4 போன்றவற்றில் பேட்டரி டிக்கிப் பக்கம் இருக்கும். அந்த மாதிரி வண்டிகளில் பேட்டரி வாயுவை வெளியே விடும் சிறு குழாய் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பேட்டரி மாற்றும் கடைகளில் அடிக்கடி விட்டுப்போவது அது. வோல்ட்டேஜ் 14-ஐ ஒட்டி இருந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பக்கம் திரும்புங்கள். செக் இன்ஜின் விளக்கு மினுக்கினால் ஏதோ சிலிண்டர் எரியாமல், அந்தப் பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிகிறது. காலடிக் கார்பெட்டே கருகும் அளவு அது சூடாகும். ஆக்சிலேட்டரை விட்டு ஓரம் கட்டுங்கள். பெரும்பாலும் ஒரு இக்னிஷன் காயிலோ பிளக்கோதான் காரணம். ஸ்கேனர் எந்த சிலிண்டர் என்று சொல்லும். காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள், ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீடும் கூடவே மாறினால் காயில் உறுதி.

அறிகுறி: இனிப்பான ஆவி வாடை

இது கூலன்ட். முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் போல மங்கலும், இடப்பக்கக் கார்பெட் ஈரமும் சேர்ந்தால் ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டர்). பாக்ஸ்டர், கேமனில் பின் டிக்கியின் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். எக்ஸ்பான்ஷன் டாங்க் அங்கேதான், அதில் விரிசல் விழுவது வயதான வண்டிகளில் தெரிந்த கதை. ஆடி டிடி, ஆக்டேவியா ஆர்எஸ் போன்றவற்றில் தண்ணீர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும், கசிவு பெரும்பாலும் அங்கிருந்து. பிரஷர் டெஸ்டரை ஆறிய இன்ஜினில் மாட்டி, மூடியில் குறித்த அழுத்தத்துக்கு ஏற்றி, 15 நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் கசிவு இருக்கிறது. சூட்டில் மூடியைத் திறக்கவே வேண்டாம். நிரப்பும்போது போர்வெல் தண்ணீர் ஆகாது, டிஸ்டில்டு வாட்டரோடு கலந்த, மேனுவலில் சொன்ன வகைக் கூலன்ட் மட்டும்.

சிறு காரணங்கள்

ஹம்பில் ஏறும்போதோ முழுத் திருப்பத்திலோ மட்டும் ரப்பர் வாடை: தாழ்த்திய ஸ்பிரிங், அகல டயர், வீல் ஆர்ச் உறையில் உரசல், உறையில் வழுவழுப்பாகத் தேய்ந்த தடம் தெரியும். ஏசி போட்டால் மட்டும் ரப்பர் வாடை: கம்ப்ரசர் கிளட்ச் அல்லது பெல்ட். திருப்பத்தில் கிளிக் சத்தத்தோடு கிரீஸ் கருகல்: டிரைவ் ஷாஃப்ட் பூட் கிழிந்து கிரீஸ் சைலன்சர் மேல் தெறிக்கிறது. திடீரென்று ஒரு நாள் பிளாஸ்டிக் கருகி, வயரிங்கில் ஒன்றும் இல்லை: சாலையில் பறந்த கவர் சைலன்சரில் ஒட்டியிருக்கும். முழுதாக ஆறிய பிறகு மரக்கட்டையால் சுரண்டுங்கள், தின்னரோ பெட்ரோலோ வேண்டாம்.

பெட்ரோல் வாடை கருகல் அல்ல என்றாலும் ஒரு வார்த்தை. இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய வண்டியின் ரப்பர் எரிபொருள் ஹோஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கான ஆர்9 தர ஹோஸும் புது கிளாம்ப்பும் போடுங்கள். ஜே.சி. ரோட்டில் தரம் கேட்டு வாங்குங்கள், மீட்டர் கணக்கில் அறுத்துத் தரும் பெயரில்லாத ஹோஸ் வேண்டாம்.

வாங்குவதற்கு முன் முகர்வது

பானெட்டுக்கு அடியில் எல்லாம் பளபளவென்று புதிதுபோலத் துடைத்திருந்தால் அதையே ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிய இன்ஜினில் கசிவு தெரியாது. முக்கால் மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள், அதில் ஒரு பகுதி நெரிசலாகவும் இருக்கட்டும். பிறகு ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, ஏசியை வெளிக்காற்றில் வைத்து முகருங்கள். அடுத்து அடிமறைப்பைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். சுத்தமான இன்ஜினுக்குக் கீழே ஆயில் ஊறிய அடிமறைப்பு இருந்தால் கசிவு பழையது. ஹீட் ஷீல்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடகடவென்று ஆடியதால் கழற்றி எறியப்பட்ட ஷீல்டுகளுக்கு மேலே வயரும் பிளாஸ்டிக்கும் கருகிக்கொண்டிருக்கும்.

வேலை முடிந்த பிறகு

வண்டியை எடுக்கும்போது கழற்றிய பாகங்களை வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ்கெட் இறுகியிருக்கிறதா, பிளேட்டில் ஆயில் கறை இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். எக்ஸாஸ்டில் ஏற்கனவே ஊறிய ஆயில் எரிந்து தீர 100, 150 கி.மீ. ஆகலாம், அதுவரை வாடை குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாமல் அதே அளவில் இருந்தால் இரண்டாவது கசிவு ஒன்று இருக்கிறது. 500 கி.மீ. ஆனதும் அடிமறைப்பை இன்னொரு முறை கழற்றி, மாற்றிய கேஸ்கெட்டின் விளிம்பில் வெள்ளைத் துணியை ஓட்டிப் பாருங்கள். துணி காய்ந்து வந்தால் அடிமறைப்பை எல்லா ஸ்குரூவோடும் மாட்டிவிடுங்கள்.